கிராமத்து ரேஸ் நாளுக்கு மக்கள் தொடர்பு வேலை: இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மெல்பர்னில் தகவல் தொடர்பு படிக்கிற நம் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் தேடும்போது நகரத்து ஏஜென்சிகளின் கதவைத்தான் தட்டுகிறார்கள். விக்டோரியா மாநிலத்தின் உட்பகுதியில் இருக்கும் ரேஸ் கிளப்புகளை யாரும் நினைப்பதில்லை. அங்கே ஒரு மேனேஜர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரும் ஓர் அலுவலர், மீதியெல்லாம் ஊர்த் தொண்டர்கள். எழுதத் தெரிந்த ஒரு ஆள் போனால் உடனே வேலை கிடைக்கும், அதுவும் நிறைய.

நான் விம்மெரா பகுதியில், கோதுமையும் கனோலாவும் விளையும் ஒரு சிற்றூரின் கிளப்பில் 12 வாரம் இருந்தேன். அக்டோபரில் நடக்கும் அவர்களுடைய கப் தினத்துக்கு, அதாவது ஆண்டின் முக்கிய ரேஸ் நாளுக்கு, கூட்டம் சேர்ப்பதுதான் வேலை. அடுத்த இரண்டு ஆண்டும் புதிதாக வந்த மாணவர்களுக்குக் கூட இருந்து சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: முதல் நாளே குதிரைகளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்தக் குதிரை ஓடப்போகிறது என்பது ரேஸுக்குச் சில நாள் முன்புதான் யாருக்குமே தெரியும். கதாநாயகன் யார் என்று தெரியாமலே படத்துக்குப் போஸ்டர் ஒட்டுகிற வேலை இது. அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. ரேஸ் என்றதும் நமக்குக் கிண்டியும் கைவிட்டுப்போன காசும்தான் நினைவுக்கு வரும். இங்கே கிராமத்துக் கப் தினம் என்பது பாட்டி முதல் பேரன் வரை ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் நாள். நம்மூர்க் கோயில் கொடை போல நினைத்துக்கொண்டால் வேலை எளிதாகப் பிடிபடும்.

1. சேருமுன் காகிதங்களைச் சரிபாருங்கள்

படிப்பின் ஓர் அங்கமாக இருக்கும் பயிற்சிக்குச் சம்பளம் தராமல் இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படி இல்லாமல், ஊழியர் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்தால் கிளப் சம்பளம் தர வேண்டும். எந்த வகை என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுக் கடிதமும் அவர்கள்தான் தர வேண்டும். அது இல்லாமல் லாயத்துக்குள் கால் வைக்க விடமாட்டார்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு 2023 ஜூலை முதல், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலைக்கான வரம்பு. பாடத்திட்டத்தில் கட்டாயப் பகுதியாகப் பதிவான பயிற்சி இந்தக் கணக்கில் வராது. விருப்பத்தின் பேரில் நீங்களாகத் தேடிக்கொண்டது வரும். ஏற்கெனவே கடையிலோ உணவகத்திலோ பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் இதை முதலிலேயே கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

போக்குவரத்தையும் யோசியுங்கள். மெல்பர்னிலிருந்து, விம்மெராவின் பெரிய ஊரான ஹார்ஷம் சுமார் 300 கிலோமீட்டர். ரேஸ் டிராக் எப்போதும் ஊருக்கு வெளியேதான் இருக்கும், அங்கே பேருந்து போகாது. வாரத்தில் எந்த நாள் நேரில், எந்த நாள் வீட்டிலிருந்து என்று முதல் பேச்சிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2. முதல் வாரம்: ஒரே ஒரு தகவல் தாள்

சமூக வலைத்தளம், போஸ்டர், வீடியோ எதையும் தொடாதீர்கள். முதல் வாரம் முழுக்க ஒரு தாள் தயாரியுங்கள். தேதி, கேட் திறக்கும் நேரம், முதல் ரேஸ், கடைசி ரேஸ், டிக்கெட் வகைகளும் விலையும், எந்த வயதுவரை குழந்தைகளுக்கு இலவசம், வெளியிலிருந்து சாப்பாடும் மதுவும் கொண்டுவரலாமா, நாய் அனுமதி உண்டா, வண்டி எங்கே நிறுத்துவது, சக்கர நாற்காலி எந்த வழியாகப் போகும், பேருந்து எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்பும், கார்டு எடுப்பார்களா.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டம்: யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது. இது அதிகப்படியாகத் தெரியலாம். இல்லை.

என் முதல் ஆண்டில் துண்டுப் பிரசுரத்தில் கேட் 11 மணி என்று போட்டேன், போன வருடத்துப் பிரசுரத்தைப் பார்த்து. வலைத்தளத்தில் 11.30 என்று இருந்தது. பேருந்துக்காரரிடம் வேறு யாரோ பத்தே முக்கால் என்று சொல்லியிருக்கிறார். ரேஸ் அன்று காலை அறுபது எழுபது பேர் பூட்டிய கேட்டுக்கு வெளியே காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் பாதிப் பேர் கிளப்பின் ஆயுள் உறுப்பினர்கள். மேனேஜர் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

தாள் முடிந்ததும் மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும். ஏதாவது மாறினால் முதலில் தாளில் மாற்றுங்கள், அப்புறம் மற்ற இடங்களில். எங்கெல்லாம் அந்தத் தகவல் போயிருக்கிறது என்ற பட்டியலைத் தாளின் பின்புறம் எழுதிவைத்தால், மாற்றும்போது ஒன்றும் விட்டுப்போகாது.

3. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ரேஸ் நாளை வலது ஓரத்தில் வைத்து 12 வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். எந்தத் தகவல் எப்போது உறுதியாகும் என்பதைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.

குதிரைகளின் பெயரைக் கொடுப்பது, ஒவ்வொன்றும் சுமக்க வேண்டிய எடையை அறிவிப்பது, கடைசியில் ஓடப்போகிறவற்றை உறுதி செய்வது எல்லாம் ரேஸ் வாரத்தில்தான் நடக்கும். உறுதியான பட்டியலிலிருந்தும் ரேஸ் அன்று காலை வரை குதிரைகள் விலகும். ஆகவே எட்டு வாரத்துக்கு முன்பே "இந்தக் குதிரை வருகிறது" என்று எழுதினால், பயிற்சியாளர் மனம் மாறினாலோ குதிரைக்குக் கால் வீங்கினாலோ நீங்கள் பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள்.

அப்படியானால் அதுவரை என்ன பேசுவது? முதல் நான்கு வாரம் கூடார முன்பதிவு. உள்ளூர் வங்கிக் கிளை, டிராக்டர் விற்பவர், கால்நடை மருத்துவமனை போன்றவர்கள் பத்து இருபது பேராக மேசை எடுப்பார்கள்; அவர்களுக்கு மேலிடத்து அனுமதி வாங்க நாளாகும். நடு நான்கு வாரம் ஊர் மனிதர்கள். பிறகு உடை, சாப்பாடு, பேருந்து. கடைசி வாரம் குதிரை. ரேஸ் அன்று காலை டிராக்கும் வானிலையும்.

குடும்பங்கள் வானிலை பார்த்துவிட்டுக் கடைசி மூன்று நாளில்தான் டிக்கெட் எடுக்கும். இது தெரியாமல் புதியவர்கள் மூன்றாம் வாரமே பதறி, விலையைக் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் போய் நிற்பார்கள். போக வேண்டாம்.

அதே நாட்காட்டியில் மோதல்களையும் குறியுங்கள். செப்டம்பர் கடைசியில் ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதி ஆட்டம். அந்த வாரம் வேறு எதைப் பேசினாலும் ஊரில் யார் காதிலும் ஏறாது. அக்டோபரில் விவசாயக் கண்காட்சிகள். வெயில் சீக்கிரம் வந்துவிட்டால் அறுவடையும் முன்கூட்டியே தொடங்கும். அப்போது ஆண்கள் பாதிப் பேர் வயலில். நகரத்துப் பத்திரிகைகளை நம்பவே வேண்டாம்: அக்டோபர் சனிக்கிழமைகளில் அவர்கள் மெல்பர்னின் பெரிய ரேஸ்களில் இருப்பார்கள், நவம்பர் முதல் செவ்வாய் மெல்பர்ன் கப்.

4. லாயத்து மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

பதினைந்து இருபது சொற்கள் போதும், ஆனால் அவை பிசகக்கூடாது. ஊரில் எல்லோருக்கும் அவை தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

முதலில் குதிரையின் வகை. நான்கு வயது ஆகாத ஆண் குதிரை கோல்ட், பெண் ஃபில்லி. நான்கு ஆனதும் ஃபில்லி, மேர் ஆகிவிடும். விரை நீக்கிய ஆண் குதிரை ஜெல்டிங். கிராமத்து ரேஸ்களில் நிறையப் பார்ப்பீர்கள். நான் பயிற்றுவித்த ஒரு மாணவி ஒரு ஜெல்டிங்கைப் பற்றி "வருங்காலத்தில் பல குட்டிகளுக்குத் தந்தையாகும் கம்பீரம்" என்ற பொருளில் எழுதிவிட்டாள். அதன் உரிமையாளர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாலை வரை பாரில் எல்லோரிடமும் காட்டினார்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ரேஸ் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஆகஸ்ட் 1 அன்று ஒரு வயது கூடும், உண்மையில் எப்போது பிறந்திருந்தாலும். ஜூலையில் நீங்கள் எழுதிவைத்த "மூன்று வயது ஃபில்லி" அக்டோபரில் "நான்கு வயது மேர்". உங்கள் இன்டர்ன்ஷிப் தொடங்குவது ஜூலைக் கடைசி, ரேஸ் அக்டோபர். குறிப்பை மறுபடி திறந்து வயதைத் திருத்திவிட்டு அச்சுக்கு அனுப்பியவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து டிராக்கின் நிலை. 1 முதல் 10 வரை எண். 1, 2 இறுகிய தரை. 3, 4 நல்ல தரை. 5 முதல் 7 வரை இளகிய தரை. 8 முதல் 10 வரை சேறு. வானிலையைப் போலவே இதுவும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் எண்ணோடு நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். மழை பெய்து தரை இளகுவது பார்வையாளருக்குக் கெட்ட செய்தி, சில குதிரைகளுக்கு அதுதான் நல்ல செய்தி. "மழையால் டிராக் கெட்டுவிட்டது" என்று எழுதினால் டிராக்கைப் பராமரிப்பவர் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

5. ஆட்களைத் தேடிப் போங்கள்

நடு நான்கு வாரத்துக்கு நல்ல விஷயம் ரேஸ் டிராக்கிலேயே இருக்கிறது. முதலில் போக வேண்டியது டிராக் மேனேஜரிடம். ஒரு கம்பியில் எடையை விழவிட்டுத் தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொண்டே போவார். நான் போன நாளில் ஒவ்வோர் இடத்திலும் அளந்தபின் குனிந்து, கிளறிய புல்லைக் காலால் மிதித்து மூடினார். இயந்திரம் வைத்திருக்கிறீர்களே, பிறகு ஏன் பூட்ஸ் குதிகாலாலும் அழுத்திப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அது அலுவலகத்துக்கு, இது எனக்கு" என்றார். அந்த ஒரு வரியும் ஒரு படமும்தான் அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் பகிர்ந்தது. குதிரை ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

அடுத்து பயிற்சியாளர்கள். கிராமத்தில் பலர் நான்கைந்து குதிரைகளை வைத்துக்கொண்டு கூடவே வேறு தொழிலும் பார்ப்பவர்கள். விடிவதற்கு முன்பே குதிரைகளை ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். காலை எட்டு மணிக்குள் போன் செய்யாதீர்கள். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் உங்கள் அழைப்பு என்றால் என்ன பதில் வரும்? பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

நேரில் போவது இன்னும் நல்லது. மூடிய காலணி, கையில் குடை வேண்டாம், கேமராவில் ஃபிளாஷ் அணைத்திருக்க வேண்டும், குதிரையின் பின்பக்கமாக நடக்கக்கூடாது. அங்கே போனதும் கேள்வி கேட்காமல் ஒரு வாளியைத் தூக்கிக்கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இவனை லாயத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?" பதிவுப் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயர் இருக்கும். அந்தப் பெயரிலிருந்துதான் கதை தொடங்கும். எந்த ரேஸில் ஓடப்போகிறது என்று கேட்டாலும் பதிலை வெளியிடாதீர்கள், மூன்றாம் படி ஞாபகம் இருக்கட்டும்.

ஸ்கோன் என்ற சிறு ரொட்டி சுடும் கிராமப் பெண்கள் சங்கத்தார், பார் நடத்தும் கால்பந்து கிளப், வண்டி நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் தீயணைப்புத் தொண்டர்கள் ஆகியோரையும் விடாதீர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அன்று வரும் பணம் எங்கே போகிறது என்று கேட்டு எழுதுங்கள். புதுத் தண்ணீர் லாரி, பிள்ளைகளின் சீருடை என்று ஏதாவது ஒன்று இருக்கும். டிக்கெட் எடுக்க ஊர்க்காரருக்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது.

6. செய்திக்குறிப்பு: உள்ளூர் முதலில்

அனுப்பும் வரிசை இது: ஊர்ப் பத்திரிகை, பிறகு வட்டார ரேடியோ, பிறகு வட்டாரத் தொலைக்காட்சி. நகரத்துக்கு ஏதாவது அனுப்புவதாக இருந்தால் கடைசியில். தன் ஊர்ச் செய்தியை மெல்பர்ன் பத்திரிகையில் முதலில் பார்க்கும் ஆசிரியர் அடுத்த முறை உங்கள் மின்னஞ்சலைத் திறக்கமாட்டார்.

சிறு பத்திரிகைகள் வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோதான் வரும். எந்த நாள் எத்தனை மணிக்குப் பக்கம் மூடுகிறார்கள் என்று முதல் வாரமே போனில் கேட்டுத் தாளில் எழுதுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னதாக அனுப்பினால் நல்ல பக்கம் கிடைக்கும்.

இங்கே ஆள் பற்றாக்குறை. நீங்கள் எழுதியதை எழுத்து மாறாமல் அப்படியே அச்சிடுவார்கள். கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் உங்கள் தவற்றைப் பிடிக்க நடுவில் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். 300 சொல்லுக்குள் எழுதுங்கள், முதல் பத்தியில் ஓர் உள்ளூர் ஆளின் பெயர் வரட்டும், அனுப்புமுன் அவரிடமே போனில் படித்துக் காட்டுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை வாயால் கேட்காமல் எழுதி வாங்குங்கள்.

ஏ.பி.சி. ரேடியோ அரசு ஒலிபரப்பு, விளம்பரம் கிடையாது. அங்கே ஸ்பான்சர் பெயரையும் டிக்கெட் விலையையும் திணித்தால் உரையாடலைச் சுருக்கிவிடுவார்கள். டிராக் மேனேஜரையோ ஸ்கோன் சுடும் அம்மாவையோ அனுப்புங்கள். வணிக ரேடியோக்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்துப் போட்டி நடத்தச் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே குறிப்பை அனுப்புவது புதியவர்கள் எல்லோரும் செய்வது.

படம் அனுப்பும்போது இடமிருந்து வலம் யார் யார் என்று எழுதுங்கள். குழந்தைகள் இருந்தால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

7. சூதாட்டமும் மதுவும்: எழுதக்கூடாதவை

எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று நீங்கள் எழுதவே கூடாது, விளையாட்டுக்குக்கூட. "அதிர்ஷ்டத்தைச் சோதியுங்கள்" மாதிரியான வரிகளும் வேண்டாம். இணையத்தில் பந்தயம் நடத்தும் நிறுவனங்களின் விளம்பரங்களில், 2023 மார்ச் முதல் அரசு வகுத்த எச்சரிக்கை வாசகங்களில் ஒன்று கட்டாயம். அப்படி ஒரு நிறுவனம் உங்கள் கிளப்புக்கு ஸ்பான்சராக இருந்தால், அதன் சின்னம் வரும் எதையும் மேனேஜர் பார்க்காமல் வெளியிடாதீர்கள். சட்டச் சிக்கலில் மாட்டுவது இன்டர்ன் இல்லை, கிளப்.

கையில் கோப்பையோடு இருக்கும் இளைஞர்களின் படத்தைத் தவிர்த்துவிடுங்கள். வயது தெரியாத முகம் ஒன்று பின்னால் நின்றாலும் போதும், புகார் வரும். நான் வைத்திருந்த விதி எளிது: 25 வயதுக்குக் கீழே என்று தோன்றினால் படம் வேண்டாம்.

பேருந்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். விக்டோரியாவில் பி பலகை மாட்டிய புது ஓட்டுநர்களுக்கு ரத்தத்தில் மதுவே இருக்கக்கூடாது, முழு உரிமம் உள்ளவர்களுக்கு 0.05-க்குக் கீழே. ரேஸ் முடியும் நேரத்தில் கிளம்பும் சாலையில் போலீஸ் நிற்கும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் கழிப்பறைக் கதவில்கூட ஒட்டினோம். அங்கேதான் எல்லோரும் படித்தார்கள்.

8. உடைப் போட்டியைத் தனி நிகழ்ச்சியாக நடத்துங்கள்

ஃபேஷன்ஸ் ஆன் தி ஃபீல்டு என்ற இந்தப் போட்டியை 1962-இல் ஃபிளெமிங்டனில் தொடங்கினார்கள், இப்போது ஊருக்கு ஊர் உண்டு. குதிரையில் ஆர்வமில்லாதவர்கள் வருவது இதற்காகத்தான். ஊர்த் துணிக்கடை, முடிதிருத்தும் கடை, தொப்பி செய்பவர் மூவரையும் பரிசுக்குப் பேசுங்கள். மூவரும் தங்கள் வாடிக்கையாளரிடம் உங்களுக்காக விளம்பரம் செய்வார்கள்.

வசந்தத்தில் வைக்கோல் வகைத் தொப்பிகள், குளிர்காலத்தில் கம்பளி ஃபெல்ட். போஸ்டருக்குப் படம் தேடும்போது இதைப் பாருங்கள். அக்டோபர் ரேஸுக்கு ஃபெல்ட் தொப்பி போட்ட பெண்ணின் படத்தைப் போட்டால், தொப்பி தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

போட்டி நேரத்தை எந்த இரண்டு ரேஸுக்கு நடுவில் என்று ரேஸ் எண்ணால் குறியுங்கள், மணியால் அல்ல. ரேஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும். புல்லில் குதிகால் புதையாதபடி பலகை போடச் சொல்லுங்கள்.

9. கெட்ட நாளுக்கான தாள்களை முன்பே எழுதிவையுங்கள்

ரேஸுக்கு மூன்று வாரம் முன்பு, பதற்றமில்லாத ஒரு மத்தியானத்தில், நான்கு அறிவிப்புகளை எழுதி மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கிவையுங்கள்: ரேஸ் தள்ளிவைப்பு, வேறு டிராக்குக்கு மாற்றம், பாதியில் கைவிடல், விபத்து. முதல் மூன்றும் ஒன்றல்ல. வேறு டிராக்குக்கு மாற்றினால் குதிரை ஓடும், உங்கள் ஊரில் கூட்டம் இருக்காது. டிக்கெட் பணம் என்ன ஆகும் என்ற பதில் ஒவ்வொன்றிலும் வேறு.

இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். குவீன்ஸ்லாந்தின் பாலைவன ஊரான பேர்ட்ஸ்வில்லில் 2007-இல் குதிரைக் காய்ச்சலால் ரேஸ் நின்றது, 2010-இல் மழையால் நின்றது. பாலைவனத்திலேயே மழை ரேஸைக் கெடுக்கும் என்றால் விம்மெரா எம்மாத்திரம்?

முடிவை எடுப்பவர்கள் ஸ்டூவர்டுகள், அதாவது ரேஸ் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் அதிகாரிகள். ஜாக்கிகள் டிராக்கில் நடந்து பார்க்கிறார்கள் என்பதை வைத்து நீங்களாக எதையும் ஊகித்துப் போடாதீர்கள்.

விபத்துதான் கடினம். ஒரு குதிரை விழுந்தால், அதைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்க உடனே பச்சைத் திரையை எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். அந்த நிமிடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: போனை எடுத்து, தானாக வெளியாகும்படி நேரம் குறித்துவைத்த எல்லாப் பதிவுகளையும் நிறுத்துவது. படம் எடுக்க அல்ல, நிறுத்த.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் இரண்டாம் ஆண்டில் ஐந்தாவது ரேஸில் திரை விரித்து முழுதாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, "என்ன ஒரு நாள்! நீங்கள் எங்கே?" என்ற பதிவு தானாகப் போய்விட்டது. நான் காலையில் குறித்துவைத்தது. கீழே வந்த முதல் பின்னூட்டம் அந்தக் குதிரையைக் கவனித்துக்கொண்ட பெண்ணுடையது. பதிவை நீக்கிவிட்டு அவளைத் தேடிப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள், கையில் வெறும் கடிவாளம் இருந்தது.

அன்றிலிருந்து ரேஸ் நடக்கும் நேரத்துக்கு எதையும் முன்கூட்டிக் குறிப்பதில்லை. பத்திரிகையாளர் யாராவது கேட்டால் உங்கள் பதில், "மேனேஜரிடம் அழைத்துப்போகிறேன்" என்பது மட்டுமே. குதிரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று ஆறுதலாகச் சொல்வதும் கூடாது. கால்நடை மருத்துவர் சொல்லுமுன் யாருக்கும் தெரியாது.

10. ரேஸ் நாள்

காலை ஆறு மணிக்கு டிராக்கில் இருங்கள். டிராக் எண், விலகிய குதிரைகள், காற்று, முதல் பேருந்து ஆகியவற்றைத் தகவல் தாளோடு ஒப்பிட்டு முதல் பதிவைப் போடுங்கள். எட்டு மணிக்குள் இது வெளியானால், வரலாமா வேண்டாமா என்று காபி குடித்துக்கொண்டே யோசிக்கும் குடும்பம் கிளம்பிவிடும்.

நாலாயிரம் பேர் வந்தால் ஊரின் செல்போன் கோபுரம் படுத்துவிடும். மத்தியானம் இணையம் இருக்காது என்று வைத்தே திட்டமிடுங்கள். அலுவலகக் கம்பி இணைப்பு எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே பாருங்கள். எழுதிவைக்கக் காகிதமும் வேண்டும்.

எங்கே நிற்கலாம் என்று ஸ்டூவர்டுகளிடம் கேட்டு அங்கேயே நில்லுங்கள். வேலியில் சாய்ந்து கையை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். கை அசைவு ஒன்றே குதிரையை விலகி ஓடவைக்கும்.

ரேஸ் முடிந்ததும் யார் ஜெயித்தது என்று உடனே போடுவதுதான் புதியவர்களின் மிகப் பெரிய தவறு. ஜாக்கிகள் சேணத்தோடு எடை பார்த்து, ஆட்சேபம் ஏதும் இருந்தால் விசாரித்து முடித்து, "கரெக்ட் வெயிட்" என்று ஒலிபெருக்கியில் வந்த பிறகுதான் முடிவு முடிவாகும். ஆட்சேபத்தில் முதலும் இரண்டாவதும் இடம் மாறுவது உண்டு. அதுவரை கோப்பை மேசையிலேயே இருக்கும், உங்கள் பதிவும் போனிலேயே இருக்கட்டும். இரண்டு ரேஸுக்கு நடுவில் முப்பத்தைந்து நாற்பது நிமிடம் இருக்கிறது, அவசரமே இல்லை.

பரிசளிப்புப் படத்தில் உரிமையாளர்கள் பத்துப் பேர் நிற்பார்கள். பெயர் வாங்காமல் அவர்களைக் கலையவிடாதீர்கள், நேராகப் பாருக்குத்தான் போவார்கள். ஸ்பான்சரின் பதாகை பின்னால் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்த ஆண்டுப் பணம் அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் வரும்.

11. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்

சனிக்கிழமை ரேஸ் என்றால் ஞாயிறு இரவுக்குள் ஊர்ப் பத்திரிகைக்கு ஆறு படம், பெயர்களோடு. தொண்டர் சங்கங்களுக்கு நன்றி தனித்தனியாக எழுதுங்கள். பொதுவாக ஒரு பதிவு போட்டு எல்லோரையும் சேர்த்துவிட்டால் விட்டுப்போன ஒருவர் அடுத்த ஆண்டு வரமாட்டார்.

மேனேஜருக்குக் கொடுக்கும் அறிக்கையில் சமூக வலைத்தளத்தில் எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கணக்கைக் கடைசியில் போடுங்கள். முதலில் டிக்கெட் எந்த அஞ்சல் குறியீட்டு ஊர்களிலிருந்து எத்தனை, எந்த வாரத்தில் விற்றது, பேருந்தில் எத்தனை இருக்கை காலியாக வந்தது. எங்கள் முதல் ஆண்டில் பக்கத்து ஊர்ப் பேருந்து பாதி காலி. விசாரித்தால், அந்த ஊருக்கு நாங்கள் போஸ்டரே அனுப்பவில்லை.

பல்கலைக்கழகத்துக்கான கோப்பில் அச்சான நறுக்குகளோடு, நீங்கள் வெளியிடாமல் வைத்த அந்த நான்கு அறிவிப்புகளையும் சேருங்கள். என்னை நேர்காணல் செய்தவர் நறுக்குகளைப் புரட்டிவிட்டு, அவற்றைத்தான் நின்று படித்தார்.

கடைசியாகத் தகவல் தாளைப் புதுப்பித்து, அலுவலகக் கணினியில் அடுத்து வருபவர் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுங்கள். கேட் நேரத்தை மட்டும் வெற்றிடமாக விட்டுவைக்கவும். அதை அவர் கேட்டு எழுத வேண்டும்.